சி.பி. உள்ள வளர்ந்த பிள்ளைகளுக்கு உதவியோடு சைக்கிள் மிதிக்கும் பயிற்சி: வீட்டில் தொடங்குவது எப்படி

என் மகளுக்கு சி.பி., அதாவது மூளை முடக்குவாதம். அவளுக்கு 13 வயதானபோது தெரபி தானாகவே நின்றுபோனது. யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்னப் பிள்ளையாக இருந்தவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். 35 கிலோவைத் தாண்டியதும் அது முடியவில்லை. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களும், "இத்தனை வருஷம் அலைஞ்சாச்சு, இனிமே நடக்கவா போறா, விடு" என்றார்கள். விட்டேன். கட்டிலிலிருந்து சேருக்கு மாற்றும்போது காலை ஊன்றி அவள் எனக்குக் கொடுத்துவந்த கொஞ்ச ஒத்தாசையும் ஒன்றரை வருடத்தில் போய்விட்டது. அப்புறம்தான் சைக்கிள் பயிற்சியைத் தொடங்கினோம். இப்போது அவளுக்கு 16. இதுவரை கற்றுக்கொண்டதை, புதிதாகத் தொடங்க நினைக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

இந்த வயதில் ஏன்

மூளை முடக்குவாதத்தில் மூளையில் ஏற்பட்ட பாதிப்பு நாளுக்கு நாள் அதிகமாவதில்லை. ஆனால் உடம்பு வளர்கிறது. 11, 12 வயதுக்குமேல் எலும்பு மளமளவென்று நீள்கிறது. ஏற்கெனவே இறுகியிருக்கும் தசை அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகிறது. எடை ஏறுகிறது, பலம் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. வாக்கரில் நான்கு எட்டு வைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பலர் இந்த வயதில்தான் முழுநேரமும் உட்கார்ந்துவிடுகிறார்கள். நம் ஊரில் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்கள் பெரும்பாலும் சின்னக் குழந்தைகளுக்கானவை. உடம்புக்கு அசைவு அதிகம் தேவைப்படும் வயதில் அசைவே இல்லாமல் போகிறது.

நடக்க முடியாத பிள்ளைக்கு மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி எது என்று யோசித்துப் பாருங்கள். ஓட முடியாது. நீச்சல் நல்லது, ஆனால் சக்கர நாற்காலி உள்ளே போகிற குளம் எத்தனை ஊரில் இருக்கிறது? சைக்கிளில் உடம்பின் எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது. விழுந்துவிடுவோமோ என்ற பயம் இல்லை. இரண்டு காலும் மாறி மாறி மடங்கி நீள்கின்றன. காலுக்கு முடியாத இடத்தில் மோட்டாரோ, நம் கையோ, பின்னாலிருந்து தள்ளுகிறவரோ கைகொடுக்கலாம். உதவியோடு மிதிப்பது என்பது இதுதான்.

பலப் பயிற்சி கொடுத்தால் இறுக்கம் இன்னும் கூடும் என்று ஒரு காலத்தில் தெரபிஸ்டுகளே நம்பினார்கள். 1990களிலிருந்து வந்த ஆய்வுகள் அந்தப் பயத்தைப் போக்கிவிட்டன. இப்போதும் யாராவது அப்படிச் சொன்னால், அது பழைய பாடம்.

பலன் எவ்வளவு என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் தானாக நடக்க முடியாத 11 வளரிளம் பிள்ளைகளை 6 வாரம் நிலையான சைக்கிளில் மிதிக்க வைத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய உடலியக்க மதிப்பெண் கூடியதாக 2007இல் எழுதினார்கள். 2010இல் அமெரிக்காவில் வெளியான இன்னொரு ஆய்வில், நடக்கக்கூடிய 62 பிள்ளைகளில் ஒரு பகுதியினர் 12 வாரங்களில் 30 முறை மிதித்தார்கள். மிதித்தவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் மிதிக்காதவர்களோடு ஒப்பிட்டபோது உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. ஆகவே சைக்கிள் மிதித்தால் பிள்ளை நடந்துவிடும் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் வேலை, கால் தசைக்குப் பலம், மலச்சிக்கலில் கொஞ்சம் நிம்மதி, ராத்திரி நல்ல தூக்கம்: எங்கள் வீட்டில் கண்டது இவ்வளவு. மற்ற 16 வயதுப் பிள்ளைகள் எதற்காக விளையாடப் போகிறார்களோ, அதற்காகத்தான் இவளும் மிதிக்கிறாள்.

தொடங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

எலும்பு மருத்துவரையோ மறுவாழ்வு மருத்துவரையோ பார்க்காமல் மெஷின் வாங்காதீர்கள். முதலில் கேட்க வேண்டியது இடுப்பு மூட்டைப் பற்றி. சி.பி. பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்காவது தொடை எலும்பின் தலை இடுப்பு மூட்டின் கிண்ணத்திலிருந்து விலக ஆரம்பிக்கிறது. வலி வரும்வரை இது வெளியே தெரியாது. எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். உலகம் முழுக்கப் பயன்படும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற வகைப்பாட்டில் ஐந்து நிலைகள் உண்டு: தடையில்லாமல் நடக்கிறவர் நிலை 1, தலையை நிமிர்த்தி வைக்கவே உதவி தேவைப்படுகிறவர் நிலை 5. நிலை ஏற ஏற இடுப்பு விலகும் ஆபத்தும் ஏறுகிறது. நிலை 5இல் பத்தில் ஒன்பது பேருக்கு விலகுவதாக ஆஸ்திரேலியாவில் கணக்கெடுத்திருக்கிறார்கள். என் மகள் நிலை 4. கடைசி எக்ஸ்ரே எப்போது எடுத்தது என்று தெரபிஸ்ட் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அடுத்தது எலும்பின் பலம். காலில் எடை ஊன்றாத பிள்ளைகளுக்கு, அதுவும் வலிப்பு மாத்திரை பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு, தொடை எலும்பு லேசான திருகலிலேயே உடையக்கூடும். முன்பு எலும்பு முறிந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தாலும், தசை இறுக்கத்தைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போட்டிருந்தாலும், எப்போது தொடங்கலாம் என்று அந்த மருத்துவரே சொல்ல வேண்டும். வலிப்பு கட்டுப்பாட்டில் இருந்தால் மிதிப்பதற்குத் தடை இல்லை. ஆனால் வலிப்பு வந்தால் காலை எவ்வளவு சீக்கிரம் அவிழ்க்க முடியும் என்று ஒரு முறை அவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.

எந்தச் சைக்கிள்

மருந்துக்கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் சின்ன பெடல் மெஷினைச் சேருக்கு முன்னால் தரையில் வைத்து மிதிப்பது ஒரு வகை. சில ஆயிரம் ரூபாயில் முடியும். ஆனால் அதில் உதவி கிடையாது. நிலை 1, 2, 3 பிள்ளைகளுக்குச் சரிவரும். நிலை 4, 5 என்றால் நாம் முன்னால் உட்கார்ந்து பெடலைக் கையால் சுற்றிக்கொடுக்க வேண்டும். அதுவும் உதவிதான். எங்கள் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் போனது.

மோட்டார் வைத்தது இன்னொரு வகை. பிள்ளை மிதிக்காதபோது மோட்டார் சுற்றும். மிதித்தால் மோட்டார் விலகிக்கொள்ளும். ஜெர்மனியில் செய்யும் மோட்டோமெட், தெரா-டிரெய்னர் போன்றவை பெரிய மறுவாழ்வு மையங்களில் இருக்கும். காலில் திடீர் இறுக்கம் வந்தால் தானே வேகத்தைக் குறைத்து, நின்று, எதிர்ப்பக்கம் சுற்றி இறுக்கத்தைத் தளர்த்தும் வசதி அவற்றில் உண்டு. எந்தக் கால் எவ்வளவு வேலை செய்கிறது என்றும் திரையில் காட்டும். விலை லட்சக் கணக்கில். வீட்டுக்கென்று வரும் மலிவான மோட்டார் பெடல்களில் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் இருக்காது. இறுக்கம் அதிகமுள்ள பிள்ளையின் காலை அதில் கட்டிவிட்டு ஒரு நிமிடம்கூட நகரக் கூடாது.

மூன்றாவது, வெளியே ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள். அரசு கொடுக்கும், கையால் சுற்றும் வண்டியை நான் சொல்லவில்லை. காலால் மிதிக்கும், முதுகுப் பிடிமானமும் பின்னால் தள்ளும் கைப்பிடியும் உள்ள வண்டி. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சாதாரண சைக்கிளில் ஃப்ரீவீல் இருப்பதால், நாம் தள்ளினால் சக்கரம் ஓடும், பெடல் சும்மா நிற்கும். ஃப்ரீவீல் இல்லாமல் பெடலும் சக்கரமும் ஒன்றாகச் சுற்றும்படி அமைத்தால், நாம் தள்ளும்போதே பிள்ளையின் காலும் மிதிக்கத் தொடங்கும். தெருவில் காற்று வாங்கிக்கொண்டே பயிற்சி முடிந்துவிடும். இப்படிப்பட்ட வண்டியில் இறக்கமான தெரு வேண்டாம். சக்கரம் வேகமெடுத்தால் காலையும் அதே வேகத்தில் இழுத்துக்கொண்டு போகும்.

மெஷின் வாங்கும் முன் ஏதாவது மையத்தில் இரண்டு மூன்று முறையாவது மிதிக்க வைத்துப் பாருங்கள். எங்கள் வட்டார வள மையத்தின் (பள்ளிக் கல்வித் துறையின் ஒன்றிய அளவிலான மையம்) தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து, பிள்ளை உட்காரும் விதத்தைப் பார்த்துவிட்டுத்தான் எது சரிவரும் என்று சொன்னார்.

உட்கார வைப்பதில்தான் பாதி வேலை

எந்த மெஷின் என்பதைவிட எப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்பது முக்கியம். இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். முதலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்தோம். நாலு சுற்று மிதிப்பதற்குள் சேர் பின்னால் நகரும், இவள் முன்னால் சறுக்குவாள், கால் நீண்டு விறைத்துவிடும். பிள்ளைக்கு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நகர்ந்தது சேர்.

கை வைத்த மரச் சேர் அல்லது சி.பி. சேர் எடுத்து, பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். டைல்ஸ் தரை என்றால் மெஷினுக்கு அடியில் ரப்பர் மேட் போட்டு, மெஷினைச் சேரின் முன்கால்களோடு கட்டிவிடுங்கள். இடுப்பை நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார வைத்து, பெல்ட்டைத் தொடை ஆரம்பிக்கும் இடத்தில் சாய்வாகக் கட்ட வேண்டும். வயிற்றின் மேல் கட்டினால் மூச்சும் முட்டும், சறுக்கலும் நிற்காது. பக்கவாட்டில் சாய்ந்தால் இரண்டு பக்கமும் தலையணை செருகுங்கள்.

பெடல் எவ்வளவு தூரத்தில்? கால் அதிகமாக நீளும் இடத்திலும் முட்டி கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். முழுக்க நீண்டால் அங்கேயே விறைத்துக்கொள்ளும். தொடையின் பின்பக்கத் தசை டைட்டாக இருக்கிற பிள்ளைக்கு முதுகைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் அந்தத் தசைக்கு இழுப்பு குறையும். ஆனால் சாய்த்ததும் வில் மாதிரி பின்னால் வளைகிற பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு நிமிர்ந்த இருக்கைதான் நல்லது. இதைத் தெரபிஸ்ட் ஒருமுறை நேரில் பார்த்துச் சொல்லட்டும்.

பாதம். குதிகால் பெடலில் முழுசாக உட்கார வேண்டும். குதிகாலுக்குக் கிண்ணம் மாதிரி தடுப்பு உள்ள பெடல் வாங்குங்கள். வெல்க்ரோவைப் பாதத்தின் நடுவில் கட்டுங்கள், விரல்களின் மேல் வேண்டாம். உள்ளே விரல் மடங்கியிருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். என் மகளின் சுண்டுவிரல் ஷூவுக்குள் மடங்கிக்கொள்ளும். ஒரு வாரம் அவள் மிதிக்க மறுத்ததற்கு அதுதான் காரணம். சோம்பல் என்று நான் அதட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் மனசு கேட்கவில்லை. ஏ.எஃப்.ஓ. என்ற கணுக்கால் தாங்கியைப் போட்டுக்கொண்டு மிதிப்பதா, கழற்றிவிட்டா என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். எதுவானாலும், முடித்ததும் கழற்றிப் பார்த்து, சிவப்பு 20 நிமிடத்துக்குமேல் மறையாமல் இருந்தால் பட்டையோ ஷூவோ சரியில்லை என்று அர்த்தம்.

முட்டிகள் உள்பக்கம் மோதிக்கொள்வது நிறையப் பேருக்கு இருக்கும். கெண்டைக்காலை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தும் தாங்கி உள்ள பெடல் என்றால் பாதிப் பிரச்சினை தீரும். பெண் பிள்ளைகளுக்குத் துப்பட்டாவும் அகலமான பைஜாமாவும் வேண்டவே வேண்டாம். லெக்கின்ஸ் போதும்.

மிதிக்க வைப்பது

நேரம் விடிகாலை அல்லது மாலை 5 மணிக்குமேல். சித்திரை, வைகாசியில் 7 மணிக்குள் முடித்துவிடுவோம். எச்சில் வடிகிற, தண்ணீர் விழுங்கச் சிரமப்படுகிற பிள்ளைகளுக்கு உடம்பில் நீர் சீக்கிரம் குறையும். நடுநடுவே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும்.

முதல் 3 நிமிடம் நீங்களோ மோட்டாரோ மெதுவாகச் சுற்றுங்கள். மெதுவாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். சி.பி.யின் இறுக்கத்துக்கு ஒரு குணம் உண்டு: தசையை எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு கெட்டியாக எதிர்க்கும். நிமிடத்துக்கு 20 சுற்று இருந்தால் போதும். கால் இளகி வருவது உங்கள் கைக்கே தெரியும். பாதம் கடகடவென்று துடித்தால் பெடலை நிறுத்தி, முட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக் குதிகாலை நோக்கி அழுத்திப் பிடியுங்கள். துடிப்பு அடங்கியதும் தொடரலாம்.

அப்புறம்தான் அசல் வேலை. மோட்டார் சுற்றினால் காலுக்கு அசைவு கிடைக்கும், மூட்டுகள் இளகும். ஆனால் நெஞ்சு படபடக்காது, தசை வளராது. அவள் அழுத்தினால்தான் அது உடற்பயிற்சி. நான் பார்த்த ஒரு மையத்தில் பிள்ளைகளை மெஷினில் கட்டி அரை மணி நேரம் ஓட விடுவார்கள். உதவியாளர் போன் பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும், கால் மட்டும் தனியே சுற்றும். இப்படி 100 நாள் போனாலும் பிள்ளைக்குப் பலம் வராது.

அழுத்துகிறாளா என்று தெரிந்துகொள்ள, தொடையின் முன்பக்கத்தில் முட்டிக்கு நாலு விரல் மேலே உள்ளங்கையை வையுங்கள். முட்டி மேலே வந்து கீழே இறங்கும்போது தசை திரண்டு கெட்டியாக வேண்டும். வெறுமனே சுற்றும்போது மாவு மாதிரி இருக்கும். என் மகளுக்கு வலது தொடை திரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் இடது திரண்டது. பலமான கால் எல்லா வேலையையும் செய்து, பெடல் வழியாக மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். ஒரு பக்கம் மட்டும் பாதிப்பு உள்ள பிள்ளைகளிடம் இது ரொம்பவே நடக்கும். சோம்பும் காலுக்கு மட்டும் "தள்ளு" சொல்லுங்கள்.

எப்போது சொல்வது என்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. பெடல் உச்சியைத் தாண்டியதும் "தள்ளு" என்றால் தாமதம். நம் சொல் காதில் விழுந்து, அவள் மனசு வைத்து, கால் கேட்பதற்குள் பெடல் கீழே போய்விடும். பெடல் உச்சிக்கு வருவதற்குக் கால்வாசிச் சுற்று முன்பே சொல்ல வேண்டும். இது பிடிபட எனக்கு ஒரு மாதம் ஆனது. பிடிபட்ட அன்று அவள் தொடர்ந்து 6 சுற்று தானாக மிதித்துவிட்டு, "அம்மா, கை எடு" என்றாள்.

30 விநாடி அவள் மிதிக்கட்டும், ஒரு நிமிடம் மோட்டார் சுற்றட்டும். இப்படி மூன்று நான்கு முறை. கடைசி 3 நிமிடம் மறுபடி மெதுவான சுற்று. முதல் வாரம் மொத்தமே 10, 12 நிமிடம், வாரத்தில் இரண்டு நாள் போதும்.

பேசாத பிள்ளை என்றால் "போதும்" என்பதற்கு ஒரு அடையாளத்தை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மேலே பார்ப்பது, கையைத் தட்டுவது, எதுவாகவும் இருக்கலாம். அந்த அடையாளம் வந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். இன்னும் ரெண்டே ரெண்டு என்று ஒருமுறை ஏமாற்றினால் அடுத்த நாள் சேரில் உட்கார வைக்கவே முடியாது. அது அவள் கால், அவள் உடம்பு.

எவ்வளவு தூரம் கூட்டுவது

சி.பி. உள்ளவர்களுக்கான உடற்பயிற்சிப் பரிந்துரை 2016இல் வெளியானது. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறையில் தொடங்கி மூன்று முறைக்கு ஏற்றவும், ஒரு முறைக்கு 20 நிமிடமாவது இருக்கவும், வாரம் மூன்று முறை என்றால் குறைந்தது 8 வாரம், இரண்டு முறை என்றால் 16 வாரம் விடாமல் செய்யவும் அது சொல்கிறது. 20 நிமிடத்தை எட்ட எங்களுக்கு 11 வாரம் பிடித்தது. முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், அப்புறம் அவள் தானாக மிதிக்கும் பங்கைக் கூட்டுங்கள், பெடலைக் கனமாக்குவது கடைசியில்.

சரியான அளவில் மிதிக்கிறாளா என்பதற்கு மெஷின் வேண்டாம். கன்னம் சிவக்க வேண்டும், மேலுதட்டில் வேர்வை அரும்ப வேண்டும், இரண்டு வார்த்தை பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மறுநாள் தசை லேசாக வலித்தால் பரவாயில்லை. இடுப்பு மடிப்பிலோ முட்டியின் உள்ளேயோ வலித்தால், கால் ஒரு பக்கம் வீங்கினால், டயப்பர் மாற்றும்போது தொடையை விரிக்க அழுதால், நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். உதடு நீலம் பூத்தால் அப்போதே ஆஸ்பத்திரி.

காய்ச்சலிலும், வலிப்பு வந்த அன்றும் மிதிக்க வேண்டாம். ஒரு வாரம் விட்டுப்போனால் பழைய அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள். விட்டுப்போகும், எங்களுக்கு எத்தனையோ முறை விட்டுப்போயிருக்கிறது. நிற்கும் ஸ்டாண்டில் நிறுத்துவதையும் தசை நீட்டும் பயிற்சியையும் சைக்கிள் வந்துவிட்டது என்று கைவிட்டுவிடாதீர்கள். சைக்கிளில் எலும்பின் மேல் எடை இறங்குவதில்லை.

யாரிடம் போவது

பள்ளி வயதுப் பிள்ளை என்றால் உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் கேளுங்கள். பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே தெரபிஸ்ட் வரும் ஏற்பாடு உண்டு. 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வருகிறார். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம். ஆழமாகப் பார்க்க வேண்டும் என்றால் முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம், வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மருத்துவப் பிரிவு, சென்னை கோட்டூர்புரம் வித்யாசாகர், தென்காசி அருகே ஆய்க்குடி அமர் சேவா சங்கம் ஆகியவை சி.பி. பிள்ளைகளை வருடக் கணக்காகப் பார்த்துவரும் இடங்கள்.

செலவுக்கு, மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டில் சேர்ந்துவிடுங்கள். சி.பி. உள்ளவர்களுக்கு வருடம் 1 லட்சம் ரூபாய் வரை. தெரபிச் செலவும் அதில் அடங்கும். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டை இல்லை என்றால் முதல் வேலையாக மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பியுங்கள்.

கடைசியாக ஒன்று. கணக்கு எழுதுங்கள். சமையலறைக் காலண்டரில் அந்தந்தத் தேதிக்குக் கீழே எத்தனை நிமிடம், அதில் அவள் தானாக மிதித்தது எத்தனை என்று குறித்துவைக்கிறேன். தெரபிஸ்ட் வரும்போது முதலில் அதைத்தான் புரட்டுகிறார். போன மாதத்திலிருந்து குறிக்கும் வேலையை மகளே எடுத்துக்கொண்டாள். நான் பேனாவைக் கையில் செருகிக் காலண்டரைப் பிடித்துக்கொள்கிறேன். எண் கட்டத்துக்குள் அடங்குவதில்லை, பக்கத்துத் தேதிவரை ஓடுகிறது.